லினக்ஸா, பிஎஸ்டியா: கணினியில் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. என் எட்டு வருட மடிக்கணினிக்கு 11 ஏறாது. சரி, லினக்ஸ், பிஎஸ்டி என்று காசில்லாமல் கிடைக்கும் யூனிக்ஸ் வகை சிஸ்டம் (விண்டோஸைப் போன்ற இயங்குதளம்) ஒன்றுக்கு மாறிவிடலாம் என்று இறங்கினேன். எந்தக் கெர்னல் (சிஸ்டத்தின் அடிப்பகுதி) உசத்தி என்று பத்து நாள் உட்கார்ந்து படித்தேன். ஷெட்யூலர், மைக்ரோகெர்னல், உரிமம் என்று ஒன்று விடவில்லை. என் வைஃபை சில்லு என்ன என்பதை மட்டும் பார்க்கவில்லை.

மூன்று சனி ஞாயிறு போயிற்று. முதல் வாரம் வைஃபை வரவில்லை. இரண்டாம் வாரம் விண்டோஸ் பக்கம் திரும்பிப் போகப் பார்த்தால் நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்டது. அந்த எண் என்னிடம் இல்லை. மூன்றாம் வாரம்தான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நீங்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

லினக்ஸ் என்பது கெர்னல் மட்டும்தான். செயலி, நினைவகம், வன்தட்டு, வைஃபை ஆகியவற்றை நிரல்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் அடிப்பகுதி அது. அதன்மேல் குனூ என்ற திட்டத்தின் அடிப்படைக் கருவிகள், டெஸ்க்டாப் எல்லாம் சேர்த்துக் கட்டித் தருபவைதான் டெபியன், உபுண்டு, ஃபெடோரா. அடியில் ஓடும் கெர்னல் ஒன்றே என்பதால் உபுண்டுவில் ஓடும் வைஃபை ஃபெடோராவிலும் அநேகமாக ஓடும். கெர்னலின் பதிப்பு புதிதா பழையதா என்பதில்தான் வித்தியாசம் வரும்.

பழைய யூனிக்ஸிலிருந்து கிளைத்த பிஎஸ்டி பக்கம் அப்படி இல்லை. ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி மூன்றும் தனித்தனிக் கெர்னல்கள். ஒவ்வொன்றிலும் கெர்னலையும் அடிப்படைக் கருவிகளையும் ஒரே குழு, ஒரே மூலநிரல் தொகுப்பில் சேர்த்து வளர்க்கிறது. ஒன்றில் இருக்கும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) மற்றதில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நான் விழுந்த முதல் குழி இதுதான்: "பிஎஸ்டியில் ஓடுகிறது" என்று யாரோ சொன்னதைக் கேட்டேன், எந்த பிஎஸ்டி என்று கேட்கவில்லை.

டெபியன் கருவிகளுக்கு அடியில் ஃப்ரீபிஎஸ்டி கெர்னலை வைத்த ஒரு பதிப்பு இருந்தது. 2023-இல் அதை மூடிவிட்டார்கள். மாக் என்ற மைக்ரோகெர்னல் (மிகச் சிறிய கெர்னல்) மேல் ஓடும் குனூ ஹர்ட் என்ற சிஸ்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கற்றுக்கொள்ள அருமை. வீட்டில் இருக்கும் ஒரே கணினியில் போடாதீர்கள்.

2. கணினியின் ஜாதகத்தை எழுதுங்கள்

விண்டோஸ் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள், அழித்த பிறகு கஷ்டம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழே வைஃபையை வலது கிளிக் செய்யுங்கள். ப்ராபர்டீஸ், டீடெயில்ஸ் என்று போய், பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு வரி வரும். அதில் "வென்" என்பதற்குப் பின்னால் நான்கு எழுத்து, "டெவ்" என்பதற்குப் பின்னால் நான்கு எழுத்து. முதல் நான்கு, செய்த நிறுவனம்: 8086 என்றால் இன்டெல் (ஆமாம், அவர்களுடைய பழைய செயலியின் எண்ணேதான்), 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம். அடுத்த நான்கு, சில்லின் மாடல். இந்த எட்டு எழுத்தையும் காகிதத்தில் எழுதுங்கள்.

மடிக்கணினியின் மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஒரே மாடல் பெயரில் ஒரு பெட்டியில் இன்டெல் வைஃபை, இன்னொரு பெட்டியில் ரியல்டெக் வைத்து விற்பது சகஜம்.

அப்படியே கிராஃபிக்ஸ் இன்டெலா, ஏஎம்டியா, என்விடியாவா, ரேம் எவ்வளவு, வட்டு எஸ்எஸ்டியா, சுழலும் வன்தட்டா, செயலி 64 பிட்டா 32 பிட்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 32 பிட் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: டெபியன் 13-இலிருந்து அதற்கு நிறுவும் வட்டு கிடையாது, ஃப்ரீபிஎஸ்டியும் 15-இல் அதைக் கைவிட்டது. ஓப்பன்பிஎஸ்டியும் நெட்பிஎஸ்டியும் இன்னும் ஏற்கின்றன.

இனி எண்ணைச் சரிபார்க்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வன்பொருள் குறிப்பு என்று தனி ஆவணம் தருகிறது. ஓப்பன்பிஎஸ்டியில் ஒவ்வொரு டிரைவருக்கும் கையேட்டுப் பக்கம் உண்டு. இன்டெல் வைஃபைக்கு ஐடபிள்யூஎம், ஐடபிள்யூஎக்ஸ் என்ற இரண்டு பக்கங்களைப் பாருங்கள். ஆதரிக்கும் சில்லுகளின் பட்டியல் அங்கேயே இருக்கும். லினக்ஸுக்கு இத்தனை பாடு பெரும்பாலும் தேவைப்படாது. பிராட்காம் சில்லுகளில் சிலவற்றுக்கு மட்டும் அங்கேயும் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

3. தினமும் திறக்கும் பத்து விஷயங்களை எழுதுங்கள்

ஃபயர்பாக்ஸ், லிப்ரெஆஃபிஸ், விஎல்சி, ஜிம்ப் இவையெல்லாம் எங்கேயும் ஓடும். பட்டியலில் எழுதவே வேண்டாம். கெர்னலோடு ஒட்டிக்கொண்டிருப்பவைதான் பிரச்சினை.

டாக்கர் (நிரலை அதற்குத் தேவையானவற்றோடு தனிப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் கருவி) வேண்டுமா? அது நேம்ஸ்பேஸ், சிகுரூப் என்ற லினக்ஸ் கெர்னல் வசதிகளின் மேல் கட்டியது. பிஎஸ்டியில் அதை ஓட்ட, மெய்நிகர் கணினி ஒன்றுக்குள் லினக்ஸை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நிரல்களைத் தனியே அடைத்து ஓட்ட ஃப்ரீபிஎஸ்டியில் ஜெயில் என்று சொந்த வசதி உண்டு. 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது, உறுதியானது. ஆனால் உங்கள் அலுவலகம் டாக்கர்தான் கேட்கும் என்றால் அந்தப் பெருமையால் உங்களுக்கு என்ன லாபம்?

ஓடிடி பார்ப்பீர்களா? படங்களின் பதிப்புரிமைப் பூட்டைத் திறக்கும் வைட்வைன் என்ற துணுக்கு பிஎஸ்டிகளுக்கு நேரடியாகக் கிடைப்பதில்லை. இதில் ஒரு வேடிக்கை: நெட்ஃபிளிக்ஸ் படங்களை ஊர் ஊராக அனுப்பும் சர்வர்களில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி. அதே ஃப்ரீபிஎஸ்டி போட்ட மடிக்கணினியில் நெட்ஃபிளிக்ஸ் பார்க்கக் குட்டிக்கரணம் போட வேண்டும்.

புளூடூத் ஹெட்செட் இல்லாமல் முடியாது என்பவர்கள் ஓப்பன்பிஎஸ்டியை இப்போதே அடித்துவிடலாம். 2014-இல் புளூடூத் நிரலையே எடுத்துவிட்டார்கள். என்விடியா கார்டு இருந்தாலும் அப்படித்தான், கிராஃபிக்ஸ் முடுக்கம் (கார்டின் வேகம்) கிடைக்காது. ஃப்ரீபிஎஸ்டிக்கு அந்த நிறுவனமே டிரைவர் தருகிறது. என்விடியா கார்டில் கணக்கு ஓட்டும் குடா (CUDA) வைத்துச் செயற்கை நுண்ணறிவு வேலை செய்ய வேண்டுமென்றால் லினக்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி, டெண்டர் வேலைக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: டோக்கன் விற்றவரிடம் லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிஎஸ்டிக்கு இருக்கிறதா என்று கேட்டு அவரைக் குழப்ப வேண்டாம்.

4. பொருத்தம் பாருங்கள்

இரண்டு காகிதமும் கையில் இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ஒரே மடிக்கணினி, அதிலேயே வேலை, படிப்பு, படம் எல்லாம் என்றால் லினக்ஸ். நீளமாக ஓட வேண்டும், அடிக்கடி மாறக் கூடாது என்றால் டெபியன். ஒரு வெளியீட்டுக்கு மூன்று ஆண்டு முழு ஆதரவு, அதன்பின் இரண்டு ஆண்டு நீள்கால ஆதரவு. உபுண்டுவில் எல்டிஎஸ் (நீள்கால ஆதரவு) என்று போட்டதை மட்டும் எடுங்கள், ஐந்து ஆண்டு கிடைக்கும். போன மாதம் வாங்கிய புத்தம் புதிய மடிக்கணினி என்றால் ஃபெடோரா, ஏனென்றால் அதில் கெர்னல் புதிதாக இருக்கும். ஆனால் ஒரு வெளியீட்டின் ஆயுள் சுமார் 13 மாதம்தான். வருடத்துக்கு ஒருமுறையாவது மேம்படுத்த உட்கார வேண்டும்.

வீட்டில் படங்கள், ஆவணங்களைச் சேர்த்துவைக்கத் தனிப் பெட்டி இருக்கிறதா? அங்கே ஃப்ரீபிஎஸ்டி. நிறுவும்போதே இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) தேர்ந்தெடுக்கலாம். ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால் தவறுதலாக அழித்த கோப்பும் திரும்பி வரும். பூட் என்விரான்மென்ட் (சிஸ்டத்தின் அப்போதைய நிலையின் நகல்) ஒன்றை எடுத்துவைத்து மேம்படுத்தினால், சொதப்பும்போது பழைய நிலைக்கே திரும்பிப் பூட் செய்யலாம். லினக்ஸிலும் இசட்எஃப்எஸ் உண்டு, ஆனால் உரிமச் சிக்கலால் கெர்னலுக்குள் சேராமல் வெளியே நிற்கிறது. ரேம் 4 ஜிபிக்குக் குறைவு என்றால் இசட்எஃப்எஸ் வேண்டாம், யூஎஃப்எஸ் என்ற எளிய கோப்பு முறைமை போதும். இன்னொன்று: ஃப்ரீபிஎஸ்டியை டெஸ்க்டாப்புக்கு எடுப்பவர்கள் நிறுவி முடித்ததும் கருப்புத் திரையில் லாகின் என்று மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். அடிப்படை நிறுவல் அவ்வளவுதான், டெஸ்க்டாப்பை நாம்தான் போட வேண்டும்.

ஓப்பன்பிஎஸ்டி எனக்கு மிகப் பிடித்தது, புதியவர்களுக்குச் சொல்லத் தயங்குவதும் அதையேதான். கையேட்டுப் பக்கங்கள் அத்தனை சுத்தம். ஃபயர்வால், ரூட்டர் வேலைக்கு அதன் பிஎஃப் என்ற ஃபயர்வால் நிரல் போல எளிதாக எழுதக்கூடியதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, கடைசி இரண்டுக்கு மட்டுமே ஆதரவு. வெளியீடுகளைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். அதோடு அதன் கோப்பு முறைமையில் ஜர்னல் (வட்டில் செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. மின்சாரம் திடீரென்று போனால் அடுத்த முறை பூட் ஆகும்போது வட்டு முழுவதையும் சோதிக்க ஆரம்பிக்கும். சுழலும் வன்தட்டு பெரிதாக இருந்தால் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும்; சில சமயம் பாதியில் நின்று, சோதனையைக் கையால் ஓட்டச் சொல்லும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இதைப் போடுவதற்கு முன் உங்கள் ஊர் மின்வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

நெட்பிஎஸ்டி பழைய, விசித்திரமான இயந்திரங்களுக்கு. டிராகன்ஃபிளை, இல்லுமோஸ் என்று இன்னும் இரண்டு யூனிக்ஸ் வகை சிஸ்டங்கள் உண்டு, தெரிந்தவர்கள் ஆசைக்குப் போடுபவை. முதல் முறைக்கு வேண்டாம்.

லினக்ஸின் ஜிபிஎல் உரிமமா, பிஎஸ்டி உரிமமா என்ற சண்டையில் நேரத்தைச் செலவிடாதீர்கள். நிரலை மாற்றி விற்கப் போகிறவருக்கு அது முக்கியம். நிறுவிப் பயன்படுத்துகிறவருக்கு எதுவும் மாறாது.

5. எடுத்துவைக்க வேண்டிய ஆவணங்கள்

பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்கப் பூட்டு) மீட்பு எண்தான் முதலில். 48 இலக்கம். நீங்கள் பிட்லாக்கரை இயக்கவே இல்லை என்றாலும், பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோதே வட்டு தானாகக் குறியாக்கம் ஆகியிருக்கும். செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட சிஸ்டத்தை மட்டும் எழவிடும் பாதுகாப்பு) அணைத்ததும் "என்னமோ மாறிவிட்டது" என்று அந்த எண்ணைக் கேட்கும். என் எண் பழைய மின்னஞ்சல் ஒன்றின் கணக்கில் இருந்தது. அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல், தூக்கிப் போட்ட சிம்முக்குப் போகும் ஓடிபியில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனங்கள் பகுதியில் எண் இருக்கும். அதை மொபைலில் படம் பிடிப்பதோடு விடாமல் காகிதத்திலும் எழுதிவிடுங்கள்.

அடுத்தது மடிக்கணினியின் பில்லும் வாரண்டி அட்டையும். வாரண்டி இன்னும் ஓடுகிறது என்றால், மாற்று சிஸ்டம் போடுவதைப் பற்றிச் சேவை மையத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விண்டோஸ் மீட்பு பென்டிரைவ் ஒன்றும் செய்துவைத்தால் திரும்பிப் போக வழி இருக்கும்.

படிக்க வேண்டியவை: ஃப்ரீபிஎஸ்டியின் ஹேண்ட்புக், ஓப்பன்பிஎஸ்டியின் கேள்வி பதில் பக்கம், டெபியனின் நிறுவல் கையேடு. இவற்றில் நீங்கள் எடுத்ததற்கு உரியதை மட்டும், அதுவும் நிறுவல் அத்தியாயத்தை மட்டும், மொபைலில் பிடிஎஃப் ஆகவோ சேமித்த பக்கமாகவோ வையுங்கள். கணினியில் இணையம் இல்லாதபோதுதான் அது தேவைப்படும். யூடியூப் வீடியோவைப் பார்த்து நிறுவுவதாக இருந்தால் அது எந்தப் பதிப்புக்கு எடுத்தது என்று பாருங்கள்.

6. செலவு

சிஸ்டத்துக்கு ஒரு ரூபாயும் இல்லை. பென்டிரைவ் இரண்டு வேண்டும்: நிறுவ ஒன்று (8 ஜிபி), விண்டோஸ் மீட்புக்கு ஒன்று (16 ஜிபி). உங்கள் கோப்புகளை நகலெடுக்க வெளி வன்தட்டு. இரவல் வாங்கினாலும் போதும். எனக்குப் பென்டிரைவ் இரண்டும், வைஃபை வராமல் அவசரத்தில் வாங்கிய யூஎஸ்பி ஈத்தர்நெட் அடாப்டரும் சேர்த்து ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அந்த அடாப்டர் தண்டம், ஏன் என்பதை 8-இல் சொல்கிறேன்.

டேட்டாவையும் செலவில் சேருங்கள். உபுண்டு டெஸ்க்டாப் படிமம் (பென்டிரைவில் எழுத வேண்டிய நிறுவல் கோப்பு) சுமார் 6 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி மொபைல் திட்டத்தில் இருப்பவர் அதை ஒரே நாளில் இறக்க முடியாது. டெபியனின் நெட்இன்ஸ்ட் படிமம் 1 ஜிபிக்கும் குறைவு, ஆனால் மீதியை நிறுவும்போது இழுக்கும். ஓப்பன்பிஎஸ்டியின் முழுப் படிமமும் 1 ஜிபிக்குள்தான். அடிப்படை சிஸ்டத்துக்கு இணையமே வேண்டாம்.

இறக்கியதும், கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த படிமத்தோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.

7. நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

உபுண்டு, ஃபெடோரா, டெபியன் லைவ் மூன்றும் பென்டிரைவிலிருந்தே முழு டெஸ்க்டாப்பாக ஓடும். வன்தட்டைத் தொடாது. ஃப்ரீபிஎஸ்டி கெர்னலைச் சோதிக்க அதன் மேல் கட்டிய கோஸ்ட்பிஎஸ்டியை லைவாக ஓட்டலாம். ஓப்பன்பிஎஸ்டியை இன்னொரு பென்டிரைவிலேயே நிறுவிப் பார்க்கலாம்; மெதுவாக இருக்கும், ஆனால் உண்மையைச் சொல்லும்.

விண்டோஸுக்குள்ளேயே மெய்நிகர் கணினி ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அங்கே உங்கள் உண்மையான வைஃபையும் கிராஃபிக்ஸும் கெர்னலின் கண்ணில் படவே படாது. எனக்கு எல்லாம் அருமையாக ஓடியது அங்கேதான்.

லைவில் ஐந்து விஷயம் பாருங்கள்: வைஃபை, ஒலி, திரை வெளிச்ச விசை, டச்பேட், மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா. கடைசியது முக்கியம். மூடியதும் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தால் பையில் போட்டு எடுத்துப்போக முடியாது.

8. நிறுவும் நாள்

காலையில் ஆரம்பியுங்கள், சார்ஜர் செருகியிருக்கட்டும். லினக்ஸுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிஎஸ்டிகளில் அடிப்படை இருபது நிமிடத்தில் முடியும். டெஸ்க்டாப்போடு சேர்த்து அரை நாள்.

செக்யூர் பூட்: டெபியன், உபுண்டு, ஃபெடோராவுக்கு அணைக்க வேண்டியதில்லை. ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டிக்கு அணைக்க வேண்டும். 5-ஆம் எண்ணில் சொன்ன காகிதம் கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நிறுவும் நிரல் வட்டையே காட்டவில்லை என்றால் பெரும்பாலும் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) சேமிப்பு முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கும். ஏஎச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்பவர்கள் இதை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

இரண்டு சிஸ்டமும் வேண்டும் என்றால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே இடத்தைச் சுருக்கி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு வாருங்கள். இதுவும் லினக்ஸுக்கு மட்டும். பிஎஸ்டிக்குத் தனி எஸ்எஸ்டி கொடுத்துவிடுவது மனநிம்மதி.

ஃப்ரீபிஎஸ்டியில் இசட்எஃப்எஸ் தேர்ந்தெடுத்தால் "லாஸ்ட் சான்ஸ்" என்று ஒரு பெட்டி வரும். அந்தத் திரைக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு வட்டின் பெயரைப் படியுங்கள். ஓப்பன்பிஎஸ்டி இவ்வளவு மெனக்கெடாது; என்டர், என்டர் என்று தட்டிக்கொண்டே போனால் முழு வட்டையும் எடுத்துக்கொள்ளும். பெயர்களும் குழப்பும்: லினக்ஸில் எஸ்டிஏ, ஃப்ரீபிஎஸ்டியில் ஏடிஏ0, ஓப்பன்பிஎஸ்டியில் எஸ்டி0. அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 8 ஜிபி என்றால் அது உங்கள் பென்டிரைவ்.

வைஃபை வரவில்லையா? ஆண்ட்ராய்டு மொபைலை யூஎஸ்பி கேபிளில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் உடனே பிடித்துக்கொள்ளும். ஓப்பன்பிஎஸ்டியில் அதற்கான யூஆர்என்டிஐஎஸ் டிரைவர் கூடவே வருகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் அதன் மாட்யூலை ஒரு வரியில் ஏற்ற வேண்டும், யூஇ0 என்று இடைமுகம் முளைக்கும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளாக இருந்தால் எதுவும் நடக்காது. என் வீட்டில் இருந்த மூன்று கேபிளில் இரண்டு அந்த ஜாதி. மூன்றாவதைச் செருகியபோது இரவு பதினொன்றரை. ஈத்தர்நெட் அடாப்டர் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

9. முதல் வாரம்

ஓப்பன்பிஎஸ்டி போட்டவர்கள், உரிமக் காரணத்தால் வட்டில் சேர்க்காத ஃபர்ம்வேரை (சில்லுக்குள் ஏற்ற வேண்டிய நிரல்) இழுக்க எஃப்டபிள்யூ அப்டேட் (fw_update) கட்டளையை ஓட்டுங்கள். வைஃபை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் உயிர் பெறும். டெபியனில் 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் நிறுவும் வட்டிலேயே வந்துவிடுகிறது.

இரண்டு சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸில் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். கெட்டுப்போகவில்லை. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸில் மாற்றிவிட்டால் தீர்ந்தது.

தமிழ்: நோட்டோ எழுத்துரு எங்கும் கிடைக்கும். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் பொதியை நிறுவி, பட்டியலில் தமிழ்99-ஐ எடுங்கள். விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்நெட் 99 என்று ஒன்று தயாராக இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். விசைகள் அதே இடத்தில்தான், ஆனால் ஒரு விசைக்கு ஒரு குறி என்று மட்டுமே அதற்குத் தெரியும். "அம்மா" என்று தட்டினால் தானாக விழ வேண்டிய புள்ளி விழாது.

எல்லாம் ஓடுகிறது என்று திருப்தியானதும் ஒரு வேலை பாக்கி. கெர்னல் எழும்போது ஓடிய வரிகளை டிமெசேஜ் (dmesg) கட்டளை காட்டும். அதை ஒரு கோப்பில் போட்டு, தேதியோடு பென்டிரைவில் வையுங்கள். அடுத்த மேம்படுத்தலில் ஒலியோ வைஃபையோ போய்விட்டால், பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த வரி காணோம் என்று பார்க்கலாம். என் மடிக்கணினியில் இப்போது டெபியன் ஓடுகிறது, அலமாரிப் பெட்டியில் ஃப்ரீபிஎஸ்டி. இரண்டுக்கும் அந்தக் கோப்பு 2-ஆம் எண்ணில் எழுதிய காகிதத்தோடு ஒரே உறையில் இருக்கிறது.